சிக்னல் கூட்டி வந்த குடும்பம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் எந்த டிரெய்லர் லாரியையும் ஒற்றைச் சுண்டுவிரலால் பின்னுக்குத் தள்ளக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் சிக்னல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் அப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். கன்டெய்னர் யார்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கப்பலில் வந்த இரும்புப் பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கி வைத்துவிட்டு, கேட்கிற பெட்டி எப்போதும் அடியில்தான் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் இடம். அதைத் தூக்க ஒரு ராட்சத கிரேன் உண்டு. அதன் உச்சியில், கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரை எல்லோரும் மாடிவீட்டுக்காரர் என்போம். நெற்றி நிறைய விபூதி. வாயில் பேச்சே கிடையாது. அவர் மேலே இருந்து பார்த்தால் பெட்டியின் கூரை தெரியுமே தவிர, அடியில் இருப்பது தெரியாது. அடியில் லாரி இருக்கிறதா, ஆள் இருக்கிறானா, நான் இருக்கிறேனா என்பதையெல்லாம் கீழே நின்று கைஜாடை காட்டுகிறவர்தான் சொல்ல வேண்டும். அவர்தான் சிக்னல்.

கட்டைவிரல் மேலே போனால் பெட்டி ஏறும். உள்ளங்கை தாழ்ந்தால் இறங்கும். இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே ஆட்டினால், உலகமே அப்படியே நிற்க வேண்டும். வருஷக்கணக்காக இருவரும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வாயால் பேசி யாரும் கேட்டதில்லை. பல தம்பதிகள் இவர்களிடம் பாடம் படிக்கலாம்.

தொழில் கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிக்னலுக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது. கேன்டீனில் சாம்பார் ஊற்றும் பையனுக்கும் ஜாடைதான்: இறக்கு, இறக்கு, மெல்ல, இன்னும் மெல்ல, நிறுத்து. ஒரு சொட்டு கூடினாலும் விசிலை எடுத்து ஊதிவிடுவார். கொருக்குப்பேட்டையில் ஒரு சக ஊழியர் வீடு மாறியபோது, பீரோ மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டது. சிக்னல் தெருவில் நின்று கை காட்ட, பீரோ மேலே போய்ச் சேர்ந்தது. கூடவே, தெருவில் பின்னால் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியும் அதே ஜாடைக்குக் கட்டுப்பட்டு அடுத்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு நாள் எண்ணூர் சாலையில் பெரிய நெரிசல். பேருந்திலிருந்து குதித்து இறங்கினார் நம்மவர். விசில். கை. வெயிலில் வேர்த்து விறுவிறுத்து அத்தனை டிரெய்லர்களையும் ஒழுங்குபடுத்தினார். கடைசியாக, தான் வந்த பேருந்துக்கும் 'போ, போ, ரைட்' என்று கம்பீரமாகக் கை காட்டி அனுப்பி வைத்தார். பிறகு யார்டு வரை நடந்தே வந்தார். "ஏன் லேட்டு?" என்று கேட்டதற்கு, "டிராபிக்கு சார்" என்றார்.

கேன்டீனில் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் இரண்டு கைகளும் விரிந்து குறுக்கே ஆடும். உடனே நிறுத்து.

"மாமு, வியாசர்பாடில ஒரு பொண்ணு கீது. நல்ல பொண்ணு."

கைகள் ஆடும்.

"தனியா எத்தினி நாளு மாமு சோறாக்கித் துன்னுவ?"

"ரூம்ல தோஸ்து ஒருத்தன் கீறான். அவன் பண்ற பேஜாரே போதும். இன்னொரு பேஜாரு இன்னாத்துக்கு?"

அத்துடன் பேச்சு முடியும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஏதோ ஒரு குளிர் நாட்டில் இருந்தது. அங்கே ஜூன் மாதத்தை 'ப்ரைட்', அதாவது பெருமித மாதமாகக் கொண்டாடுவார்கள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கை, திருநம்பி என்று யாராக இருந்தாலும் வேலைக்கு வருகிற இடத்தில் ஒளிந்துகொள்ளாமல் தலை நிமிர்ந்து இருக்கலாம் என்பது அதன் சாரம். நல்ல விஷயம்தான். அதற்காக உலகத்திலுள்ள எல்லாக் கிளைகளுக்கும், அதன் சின்னமான வானவில் நிறத்தில் ஐ.டி. கயிறுகளும் ஒரு போஸ்டரும் அனுப்பினார்கள். உலகம் முழுக்கப் பெட்டிகளை நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் எங்கள் கம்பெனியின் பெருமை. எங்களுக்கு அனுப்பிய பெட்டி ஜூனில் கிளம்பி, எங்கெங்கோ தங்கி இளைப்பாறி, ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தது.

கூடவே ஒரு வீடியோ அழைப்பு. மறுமுனையில் ஓர் அம்மையார், மிகவும் அன்பானவர். "தாமதமானால் என்ன, பரவாயில்லை. ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துங்கள், படம் எடுத்து அனுப்புங்கள்" என்றார். நான் கொஞ்சம் இலக்கியம் படித்தவன் என்ற வதந்தி அலுவலகத்தில் உலவியதால், மனிதர்கள் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் என் தலையில்தான் விடியும்.

பூஜைக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் கூட்டத்தை வைத்தேன். சாப்பிடும்போது கூட்டம் போட்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்பது என் ராஜதந்திரம். 'பால்புதுமையினர்' என்றேன். 'தன்பாலீர்ப்பு' என்றேன். 'அடையாளம்', 'ஏற்பு', 'பன்மைத்துவம்' என்று மூன்று அடுக்குக்கு அடுக்கினேன். ரசத்தில் மீன்முள் கிடைத்தவர்களைப் போல எல்லோரும் விழித்தார்கள்.

கடைசியில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் எழுந்தார். "சார், ஆம்பளைய ஆம்பள கட்டிகினு குடும்பம் நடத்துறது, அத்ததான சொல்ற?"

"ஆமாம். அதுவும்தான்."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் நீட்டு? எங்க தெருலயே கீறாங்க. சொல்ட்டு உக்காரு, சாப்பாடு ஆறுது."

பக்கத்திலிருந்தவர் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஏன் மாமு, உனுக்கு எதுனா ஐடியா கீதா? வூட்ல தங்கச்சிக்குத் தெரிமா?" கேன்டீனே குலுங்கியது. அந்தச் சிரிப்பில் விஷம் இருந்ததா, வெறும் மோர்க்குழம்பு ஏப்பம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். என் பேச்சு முடிவதற்குள் மாடிவீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்து போய்விட்டார். சிக்னலின் இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் இருந்தன. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் சிக்னல் என் அறைக் கதவருகே வந்து நின்றார்.

"சார், பூஜைக்கு பேமிலிய இட்டாரலாம்னு போர்டுல எழுதிகீறீங்களே."

"ஆமாம், வருஷா வருஷம் அப்படித்தானே?"

"பேமிலின்னா யாரு சார்?"

படித்த புத்தகங்களெல்லாம் மனசுக்குள் வரிசை கட்டி நின்றன. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. "உங்க வீட்டுல உங்களோட யாரு இருக்காங்களோ, அவங்கதான்" என்றேன்.

அவர் உள்ளே வந்து குந்தினார். "தோஸ்து கீறான்னு சொல்வேன்ல? தோஸ்துன்னு சொல்றது ஊருக்கு சார். வூட்டுக்குள்ள அப்டி இல்ல."

நான் தலையாட்டினேன்.

"நான் வேல செய்றத ஒரு தபா பாக்கணும்னு ரொம்ப வருசமா கேட்டுகினு கீறான். எல்லார் வூட்லயும் வந்து பாக்கிறாங்க. அவன் மட்டும் இன்னா பாவம் பண்ணான்? நீ இன்னிக்குப் பேசினத கேட்டதும் இட்டாந்தா இன்னான்னு தோணிச்சு."

"கூட்டிட்டு வாங்க."

"கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டும், நானும் திருப்பிக் குடுப்பேன். அது இல்ல சார் பயம். மேல கீறாரே அண்ணன், அவரு என் கைய பாத்துதான் பொட்டி எறக்குறாரு. நாளைக்கு இந்தக் கை அவருக்கு அருவருப்பா பூட்டா? பாக்க வேணாம்னு ஒரு செகண்டு மொகத்த திருப்பிகினாருன்னா? அப்பால நான் இந்த வேலைல இருக்க முடியாது சார். கீழ எவன் தலைல எறங்கும்னு யாருக்குத் தெரியும்? உன் மீட்டிங்குலயே எய்ந்து பூட்டாரே, பாத்தியா?"

பார்த்திருந்தேன். குளிர் நாட்டிலிருந்து வந்த பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. "அவரைப் பத்தி நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நின்னு இன்னா சார் ஆவப் போவுது? உனுக்கு ரோடு கிராஸ் பண்ணவே வராது." பிறகு எழுந்து, "செரி. இட்டாரேன்" என்றார்.

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னால் என் மனைவி மறுப்பு வெளியிடுவாள். ஆனால் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே யார்டுக்குப் போய்விட்டேன்.

ஆயுதபூஜை என்றால் எங்கள் யார்டு மணப்பெண்தான். கிரேனின் நான்கு கால்களிலும் வாழைக்கன்று. லாரிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. நான் விநியோகித்த வானவில் கயிறுகளைப் பார்த்தேன். யாரும் வீணாக்கவில்லை. ஃபோர்க்லிஃப்டுகளின் கொம்பில் கட்டியிருந்தார்கள். சக்கரத்தடி எலுமிச்சைகளைக் கோத்திருந்தார்கள். திருஷ்டிப் பூசணிக்காய்க்கு மாலையாகப் போட்டிருந்தார்கள். (அந்தப் படத்தை அனுப்பியபோது, பூசணிக்காயின் குறியீட்டு அர்த்தம் என்ன என்று அம்மையார் ஆர்வத்தோடு கேட்டார். இன்றுவரை நான் பதில் எழுதவில்லை.) மனிதக் கழுத்தில் அதை மாட்டியிருந்தது நான் ஒருவன்தான்.

இரண்டாவது கழுத்து கேட்டில் வந்து நின்றது.

எங்கள் கேட்டைக் காத்தவர் எல்லோரையும் நைனா என்பார்; அதனால் நாங்களும் அவரை நைனா என்போம். கழுத்தில் என்ன நிறக் கயிறோ, அந்த இடத்துக்கு மட்டும்தான் அனுமதி. இதுதான் அவருடைய வேதம். சிவப்பென்றால் ஆபீஸ், மஞ்சளென்றால் குடோன், நீலமென்றால் லாரி நிற்குமிடம், பச்சையென்றால் மட்டும் கிரேன் நடமாடும் யார்டு. சிவப்புக் கயிற்றோடு கிரேனைப் பார்க்கப் போன எங்கள் இயக்குநரையே ஒருமுறை கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தவர்.

சிக்னல் தன்னுடைய வானவில் கயிற்றைத்தான் தன்னோடு வந்தவர் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். நைனா அதைக் கையில் ஏந்தி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஆராய்ந்தார்.

"செவப்பு கீது. மஞ்ச கீது. பச்ச, நீலம் எல்லாம் கீது. ஊதா இன்னாத்துக்குன்னு எனுக்கே தெரியாது, நானே போவாத எடம் போல." விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "உள்ள போ நைனா. எங்க வோணா போ. உன்ன தடுக்க நான் யாரு?"

எந்தக் கருத்தரங்கிலும் இதைவிடத் தெளிவாக யாரும் அந்தக் கயிற்றுக்கு விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. நைனாவின் இந்த ஒரு தவறால்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது.

வந்தவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. தண்டையார்பேட்டை முழுக்கத் தெரிந்த முகம். கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறி, பெல் அடிப்பவர். என் வீட்டுக்கும் அவர்தான் சிலிண்டர் அண்ணன். சீருடை இல்லாமல், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், தோளில் ஒன்றும் இல்லாமல் அவரைப் பார்க்க ஏதோ குறைவதுபோல் இருந்தது.

சிக்னல் அவரை நேராகக் கிரேன் ஏணியடிக்கு அழைத்துப்போனார். மாடிவீட்டுக்காரர் அங்கே விபூதியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இவுரு..." சிக்னல் கழுத்து விசிலை ஒருமுறை தொட்டுக்கொண்டார். "என் பேமிலிண்ணே."

மாடிவீட்டுக்காரர் சிலிண்டர் அண்ணனைப் பார்த்தார். சிக்னலைப் பார்த்தார். பக்கத்தில் வானவில் கயிற்றோடு அசட்டுச் சிரிப்புடன் நின்ற என்னைப் பார்த்தார். ஒருமுறை கை கூப்பினார். பிறகு ஒரு வார்த்தை இல்லாமல் திரும்பி, ஏணியில் ஏறத் தொடங்கினார்.

சிக்னலின் முகம் வெளுத்தது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணா!" என்று ஒரு குரல் யார்டைப் பிளந்தது. மாடிவீட்டுக்காரரின் மனைவி. வீட்டில் இருவருக்கும் உரிய பேச்சை அவரே பேசித் தீர்ப்பவர்.

"அண்ணா, நீங்களா? புக் பண்ணி எம்மா நாளாவுது, சிலிண்டரு எங்க?"

'சிலிண்டர்' என்ற சொல் காதில் விழுந்ததும் பொரி வாங்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அடுத்த நொடி அந்த மனிதரைச் சுற்றி ஒரு வளையம்.

"நாளைக்குக் கண்டிப்பா தங்கச்சி. இன்னிக்கு லீவு."

"அத்த போன வாரமும் சொன்ன. ஆமா, நீ இன்னாண்ணா இங்க?"

"நான் சிக்னலோட வந்துகீறேன்."

"சிக்னலோடயா?" அந்த அம்மாள் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கணக்கு மெல்ல விடைக்கு வந்தது. "ரெண்டு பேரும் ஒரே வூடா?"

"ஆமா தங்கச்சி. ஒரே வூடுதான்."

"ஓ." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "செரி செரி. அத்த உடு. சிலிண்டரு?"

என் நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

பூஜை முடிந்ததும் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கி இறக்குவது எங்கள் யார்டு வழக்கம். அந்த வருஷத்துக்கான முதல் தூக்கு அது. அது சரியாக அமைந்தால் வருஷம் முழுக்க விபத்து இல்லை என்று நம்பிக்கை. குடும்பங்களெல்லாம் கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் நிற்க, கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைந்தது. சிக்னல் மட்டும் உள்ளே போய்ப் பெட்டிக்கு எதிரில் கால்களை அகட்டி நின்றார். மேலே அண்ணாந்து பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினார்.

கிரேன் அசையவில்லை.

மறுபடி உயர்த்தினார். கிரேனின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, கயிறு இழுபடவில்லை. கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. சிக்னலின் கை அப்படியே நின்றது. 'முடிஞ்சுது' என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார். கையைத் தாழ்த்தவும் தெரியாமல், வைத்திருக்கவும் முடியாமல், ஆயிரம் லாரிகளை நகர்த்திய மனிதர் அந்த இடத்தில் நின்றார்.

உச்சியில் கண்ணாடிக் கதவு திறந்தது. மாடிவீட்டுக்காரரின் தலை வெளியே வந்தது. அந்தத் தலையிலிருந்து குரலும் வரும் என்பதை யார்டு அன்றுதான் அறிந்தது.

"யோவ் சிக்னலு! கண்ண எங்கய்யா வச்சிகினு கீற? உன் வூட்டுக்காரரு பின்னாடி ஹெல்மெட்டு இல்லாம நிக்கிறாரு, பாரு! பொட்டி ஆடிச்சின்னா மண்ட ரெண்டா பூடும். சொந்த வூட்டு ஆள இப்டியா பாத்துக்குவ? ஆளுக்கு ஒண்ணு ஆச்சின்னா எங்க வூட்டுக்கு சிலிண்டரு உங்கப்பனா தூக்கினு வருவான்?"

எல்லோரும் திரும்பினோம். பெட்டிக்கு நாலு முழம் தள்ளி, சிக்னலின் முதுகுக்குப் பின்னால், வெறுந்தலையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்போடு சிலிண்டர் அண்ணன் நின்றிருந்தார். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நைனா சொன்னாரல்லவா? மனிதர் நேராக, தான் பார்க்க ஆசைப்பட்ட இடத்துக்கே போய்விட்டார். சிக்னலும் நாங்களும் கிரேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

நான் ஓடினேன். பல வருஷம் கழித்து ஓடினேன். என் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்தேன். "இது இன்னா சார், சிலிண்டர விட கனமா கீது" என்றார் அவர்.

சிக்னல் முகத்தைச் சட்டைத் தோளில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். வேர்வை என்று வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் உயர்ந்தது. பெட்டி உயர்ந்தது. அவர் விரல் எங்கெல்லாம் போனதோ, அங்கெல்லாம் அந்தப் பெரிய இரும்பும் போனது. உள்ளங்கை தாழத் தாழ அது தாழ்ந்தது. கூண்டுக்குள்ளிருந்த இரண்டு கண்களும் அந்தக் கையை விட்டு இம்மி விலகவில்லை. பெட்டி தரையில் உட்கார்ந்த சத்தமே கேட்கவில்லை. "பாத்தியா தங்கச்சி, எப்டி எறக்கினான் பாத்தியா?" என்று சிலிண்டர் அண்ணன் பக்கத்திலிருந்த எல்லோரையும், என்னையும் சேர்த்து, கேட்டுக்கொண்டிருந்தார்.

மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்ததும் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்: "அண்ணே, நேத்து என் மீட்டிங்குல ஏன் பாதியில எழுந்து போனீங்க?"

"தயிர் தீந்துடும் சார்" என்றார். "நீ முடிக்கிற மாதிரி தெரியல."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. அந்த வருஷத்துக்கான பேச்சை அவர் அன்றே பேசி முடித்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் சிக்னலைத் தேடினேன். கிரேன் நிழலில், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துபோய், அவருடைய ஆள்.

"என்ன சிக்னல், எப்படி இருக்கு?"

"பசிக்குது சார்" என்றார். "உன்னாண்ட பேசிட்டுப் போனதுலர்ந்து ஒண்ணும் எறங்கல. தண்ணிகூட எறங்கல. இப்ப பசி கபகபன்னு கீது. பொரி இன்னும் கீதா?"

சிலிண்டர் அண்ணன் எழுந்து போய், பந்தலில் மிச்சமிருந்த பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாவற்றையும் இரண்டு கையிலும் அள்ளி வந்தார். என் பொட்டலத்தையும் சிக்னல் மடியில் வைத்தேன். ஒருவர் சாப்பிடுவதை நின்று பார்ப்பது மரியாதை இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அன்று அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் அங்கேயேதான் நின்றேன்.